பழைய கராவோக்கே பெட்டியிலிருந்து கிட்டார் எஃபெக்ட்ஸ்: நான்கு வழிகள், எது யாருக்கு?

“அண்ணே, வீட்டுல பழைய கராவோக்கே செட்டு ஒன்னு சும்மா கெடக்குது. அதைப் பிரிச்சு கிட்டாருக்கு மல்டி எஃபெக்ட்ஸ் செஞ்சுக்கலாமா, இல்ல பேசாம ஒன்னு வாங்கிடுறதா?”

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் கோயில் திருவிழா மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் வாசிக்கத் தொடங்கியிருக்கும் தம்பிமார்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். எஃபெக்ட்ஸ் என்றால் கிட்டாரின் சத்தத்தை மாற்றித் தரும் சர்க்யூட்டுகள்; பலவற்றை ஒரே பெட்டியில் அடக்கியது மல்டி எஃபெக்ட்ஸ். செய்துகொள்ளலாம். ஆனால் செய்வதிலேயே மூன்று வழி இருக்கிறது; மூன்றுக்கும் செலவு வேறு, தலைவலி வேறு. வாங்குவதையும் சேர்த்தால் நான்கு:

1. பழைய கருவிகளிலிருந்து பாகம் பாகமாகக் கழற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டுவது.
2. கராவோக்கேயில் ஓடும் நிலையில் உள்ள எக்கோ சர்க்யூட் பலகையை அப்படியே எடுத்து, அதற்கு முன்னால் நம்முடைய சிறிய சர்க்யூட்டுகளைச் சேர்ப்பது.
3. எலக்ட்ரானிக் பாகங்கள் எல்லாம் புதிது. பெட்டி, ஜாக், ஒயர் மட்டும் பழையது.
4. யாரோ பயன்படுத்திய டிஜிட்டல் மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்றை வாங்கிவிடுவது.

நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேண்டிய எஃபெக்ட்ஸை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பழைய சாமான் கடையில் பாகம் தேடுகிறவர் பாதியில் நின்றுவிடுவார். கையில் கிடைத்த சாமான் எதைத் தருகிறது என்று பார்த்து, அதற்கேற்ற பெட்டியைக் கட்டுகிறவர் முடித்துவிடுவார்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் இரைச்சல். ஃபஸ், ஓவர்டிரைவ் இரண்டும் சின்ன சிக்னலைப் பல மடங்கு பெரிதாக்கி, சத்தத்தைக் கரகரப்பாக்குபவை. கிட்டாரோடு சேர்ந்து ‘உஸ்’ சத்தமும் ‘ம்ம்ம்’ என்ற ஹம்மும் பெரிதாகும். வீட்டில் சகித்துக்கொள்ளலாம், மேடையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் பாட்டுக்கு நடுவில் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, கெட்டுப்போனால் யார் சரிசெய்வது. மூன்றாவது, உண்மையான செலவு: பாகம் இலவசம் என்றாலும் கருவிகளும் காலால் மிதிக்கும் ஃபுட்ஸ்விட்சும் இலவசமாக வருவதில்லை. நான்காவது, ஆபத்து. ஐந்தாவது, கையில் இருக்கும் நாள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: எந்தச் சத்தம் வேண்டும்? நம்ம ஊர் மேடைகளில் வாசிக்கும் பாட்டுகளுக்கு ஒரு ஓவர்டிரைவ், ஒரு எக்கோ, ஆசைக்கு ஒரு ஃபஸ் அல்லது டிரெமலோ (சத்தம் ஏறி இறங்கித் துடிப்பது) இருந்தால் ஒரு இரவு முழுக்க ஓட்டிவிடலாம். நூறு சத்தம் கொண்ட பெட்டி வாங்கியவர்களும் கடைசியில் இந்த மூன்று நான்கில்தான் வந்து நிற்கிறார்கள்.

## நம்ம டவுனில் என்ன கிடைக்கும்

தோட்டத்து லயங்களிலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே வந்து, ஸ்டோர் அறையில் முடங்கிய சாமான்கள் இங்கே ஏராளம். பழைய இரும்புக் கடையில் கேட்டாலும், சூராட் லாமா (பழைய பேப்பர்) லோரிக்காரரிடம் சொல்லிவைத்தாலும் கிடைக்கும். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரவேண்டாம்.

கராவோக்கே ஆம்பிளிஃபையர், மிக்சர். நமக்கு இதுதான் புதையல். மைக் செருகும் 6.35 மில்லிமீட்டர் ஜாக் கிட்டாருக்கும் அதேதான். உள்ளே 4558 என்று எண் போட்ட எட்டுக்கால் ஐசி பல இருக்கும். 1979-இல் வந்த ஐபனெஸ் கம்பெனியின் டிஎஸ்808 ஓவர்டிரைவ் பெடலின் இதயமும் அதே 4558 வகைதான். எக்கோ பகுதியில் பதினாறு கால்கள் கொண்ட பிடி2399 என்ற எக்கோ சிப் இருக்க வாய்ப்பு அதிகம். தட்டையான இரும்புப் பெட்டியும் கூடவே வருகிறது.

சக்கரம் வைத்த பேட்டரி ஸ்பீக்கர். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மைக்கோடு தள்ளிக்கொண்டு வருவார்களே, அதுதான். 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் எக்கோ பலகைக்கும் ஒற்றை சப்ளையே இருக்கும். இது பெரிய வசதி. காரணம் பின்னால் வருகிறது.

கேசட் டெக், மினி கம்போ. சி945, சி1815 டிரான்சிஸ்டர்கள், பச்சை நிற மைலார் கெப்பாசிட்டர்கள், சமயத்தில் கே30 என்ற ஃபெட்டும் (டிரான்சிஸ்டரில் இன்னொரு வகை) கிடைக்கும். ஜப்பானிய எண்களில் முன்னால் வரும் ‘2எஸ்’ உடம்பில் எழுதியிருக்காது.

மிகப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. ஏசி128 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருந்தால் ஃபஸ் பிரியர்கள் கொண்டாடுவார்கள். சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் இருக்கும். வா-வா பெடலுக்கு இண்டக்டர் (கம்பிச் சுருள்) கிடைக்காதபோது அதன் ஒரு பக்கச் சுருளை வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி ஒயர். இதைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருப்பது கவசம் சுற்றிய ஒயர். பெட்டிக்குள் சிக்னல் கொண்டுபோக அருமையானது.

சாயங்காலம் தானாக எரியும் வாசல் விளக்கின் சென்சார். ஒளி பட்டால் மின்தடை குறையும் எல்டிஆர் பல சென்சார்களில் இருக்கும். ஒரு எல்இடியோடு சேர்த்துக் கறுப்பு டியூபில் அடைத்தால் டிரெமலோவுக்குப் பாதி வேலை முடிந்தது.

குழாய் டிவி: தொடவே வேண்டாம். 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பிறகு இவை எங்கு பார்த்தாலும் கிடந்தன. படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும்; அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதிலிருந்து எடுக்கக்கூடிய ஐந்து காசு ரெசிஸ்டருக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

## வழி 1: பாகம் பாகமாகக் கழற்றிக் கட்டுவது

கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆளை இதைவிடச் சோர்வாக்கும் வழியும் இல்லை.

ஃபஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலின் சர்க்யூட்டில் மொத்தமே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு குமிழ் (திருகினால் மின்தடை மாறும் பாகம்). ஒரு கேசட் டெக்கைப் பிரித்தாலே போதும்போல் தெரியும். சிக்கல் சின்னச் சின்ன இடங்களில் காத்திருக்கும். குமிழ்களில் ஒன்று 1 கிலோஓம், இன்னொன்று 500 கிலோஓம் வேண்டும். கராவோக்கேயில் கிடைப்பவை பெரும்பாலும் 10 முதல் 50 கிலோஓம் வரைதான். டிஎஸ்808 வகை ஓவர்டிரைவிலும் டிரைவ் குமிழுக்கு அதே 500 கிலோஓம் தேவை. அதைக் கடையில்தான் வாங்கியாக வேண்டும்.

டிரான்சிஸ்டர் கால்களிலும் கவனம் தேவை. வலைத்தளங்களில் உள்ள வரைபடங்கள் பெரும்பாலும் பிசி547 போன்ற ஐரோப்பிய வகைக்கு வரைந்தவை. தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்தால் அதன் கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர். சி1815, சி945 இரண்டிலும் எமிட்டர், கலெக்டர், பேஸ். வரைபடத்தைப் பார்த்து அப்படியே செருகினால் சத்தமே வராது, அல்லது இருமுவதுபோல் ஏதோ வரும்.

மின்பகு கெப்பாசிட்டர், அதாவது உருளையாக நிற்கும் எலக்ட்ரோலிடிக் வகை, பழசில் எடுக்கவே கூடாது. உள்ளிருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கில் காய்ந்துபோயிருக்கும், அதுவும் சூடேறும் ஆம்பிளிஃபையருக்குள் இருந்தவை என்றால் சொல்லவே வேண்டாம். புதிது சில காசுகள்தான். ரெசிஸ்டரும் மைலாரும் பழசானாலும் பெரும்பாலும் கெடுவதில்லை. தட்டையான செராமிக் வகையை ஃபஸ் உள்ளீட்டில் போட்டுவிட்டு விரலால் தட்டிப் பாருங்கள். சிலது மைக் மாதிரி ‘டொக்’ என்று கேட்கும்.

கழற்றுவதும் தனி வேலை. 2006-க்குப் பிறகு ஈயம் இல்லாத சோல்டர் பரவிவிட்டது. பழைய ஈய சோல்டர் 183 டிகிரியில் இளகும். புதியதற்கு 217 டிகிரிக்கு மேல் போக வேண்டும். மலிவான காவி நிறப் பலகையில் அவ்வளவு சூடு காட்டினால் செம்புப் பாதை உரிந்துகொண்டு வரும். ஆகவே பழைய பலகையே பிரிக்க எளிது.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால் பாகம் சோதிக்கும் கருவி. சாதாரண மீட்டர் பல கெப்பாசிட்டர் அளவைக் காட்டாது. டிரான்சிஸ்டர் கால் எது என்று சொல்லாது. இரண்டையும் செய்யும் சின்னச் சோதனைக் கருவி ஏறக்குறைய 30 முதல் 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். அது இல்லாமல் இந்த வழியில் இறங்குவது இருட்டில் மீன் பிடிப்பதுதான்.

ஜெர்மானியம் பற்றி ஒரு வார்த்தை. அதன் சத்தம் இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டம் சூடு ஏற ஏறக் கூடும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ராத்திரி வீட்டில் சரிபார்த்து வைத்த ஃபஸ், மறுநாள் மத்தியானம் தகரக் கொட்டகை மேடையில் வேறு பெட்டிபோல் முனகும். ஏசி128 பிஎன்பி வகை என்பதால் மின்சாரத்தை எதிர்த்திசையில் கேட்கும். மற்ற எஃபெக்ட்ஸோடு ஒரே சப்ளையில் நேரடியாகச் சேர்க்க முடியாது. எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்றால் சிலிக்கானே நல்லது.

யாருக்கு: அவசரம் இல்லாதவருக்கு, ஏன் சத்தம் வருகிறது என்று தெரிந்துகொள்ளத் துடிப்பவருக்கு. அடுத்த மாதம் மேடை இருப்பவருக்கு அல்ல.

## வழி 2: எக்கோ பலகையை அப்படியே எடுத்துக்கொள்வது

கராவோக்கே தயாரித்தவர் ஏற்கெனவே ஒரு எக்கோ செய்து, வடிகட்டி, சோதித்து வைத்திருக்கிறார். அதைக் காலி செய்து பாகமாக்கி மறுபடியும் எக்கோ கட்டுவது எதற்கு? பலகையை முழுதாக எடுத்து, உள்ளே போகும் ஒயர், வெளியே வரும் ஒயர், மின்சாரம் மூன்றையும் கண்டுபிடித்தால் போதும்.

இதை ‘அனலாக்’, அதாவது சிக்னலை எண்ணாக்காமல் அப்படியே கையாள்வது, என்று சொல்லலாமா? பிடி2399 உள்ளே சிக்னலை எண்ணாக்கி நினைவகத்தில் வைத்துத் திருப்பித் தருகிற சிப். சுற்றியுள்ள வடிகட்டிகள்தான் அனலாக். அதன் எக்கோ கொஞ்சம் மங்கலாக, இருட்டாக ஒலிப்பதால் அனலாக் டிலே (எக்கோ) போலவே காதுக்குப் படும். அசல் அனலாக் வேண்டுமென்றால் பக்கெட் பிரிகேட் சிப் வேண்டும்: 1969-இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் கண்டுபிடித்த முறை, சிக்னலைப் படிப்படியாக அடுத்தடுத்த கெப்பாசிட்டருக்குக் கைமாற்றும். எண்பதுகளின் சில எக்கோ மிக்சர்களில் எம்என்3207 போன்றவை இருக்கும். கண்டால் விடாதீர்கள். ஆனால் 1024 கட்டம் கொண்ட ஒரு சிப், 10 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஏறக்குறைய 51 மில்லிசெகண்ட்தான் தாமதிக்கும். நீண்ட எக்கோவுக்கு அது போதாது. கோரஸ் (பல கிட்டார் சேர்ந்து வாசிப்பதுபோன்ற சத்தம்) செய்தால் அற்புதமாக இருக்கும். பிடி2399 சுமார் 30 முதல் 340 மில்லிசெகண்ட் வரை போகும். மேடைக்கு அதுவே வசதி.

இந்த வழியில் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, கிட்டாரை நேராக மைக் உள்ளீட்டில் செருகாதீர்கள். அந்த உள்ளீடு குறைந்த மின்தடை கொண்ட மைக்குக்காகச் செய்தது. கிட்டார் பிக்கப் கிட்டத்தட்ட 1 மெகாஓம் உள்ளீட்டை எதிர்பார்க்கும். மைக் உள்ளீட்டில் போட்டால் மேல் ஸ்தாயி எல்லாம் செத்து, கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருக்கும். டிஎல்072 ஐசி ஒன்றிலோ கே30 ஃபெட்டிலோ ஒரு பஃபர் (கிட்டார் சிக்னலை நலியவிடாமல் அடுத்த இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் சின்ன சர்க்யூட்) கட்டி, அதன் பிறகு எக்கோ பலகைக்குக் கொண்டுபோங்கள். மைக் ப்ரீஆம்ப் பகுதியைத் தாண்டி, எக்கோ தொடங்கும் இடத்தில் நுழைப்பது இன்னும் நல்லது. ஃபஸ் ஃபேஸ் வகை ஃபஸ் சேர்ப்பதாக இருந்தால் அதை மட்டும் பஃபருக்கு முன்னால், கிட்டாரை ஒட்டியே வையுங்கள். நடுவில் பஃபர் வந்தால் கிட்டார் வால்யூமைக் குறைக்கும்போது ஃபஸ் சுத்தமாகும் அந்த அழகு போய்விடும்.

இரண்டு, சப்ளை. வீட்டு மின்சாரத்தில் ஓடும் கராவோக்கேயில் ஓப் ஆம்ப்களுக்கு (4558 போன்று சிக்னலைப் பெரிதாக்கும் ஐசி) பெரும்பாலும் கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட் என இரட்டைச் சப்ளை இருக்கும். நம்மிடம் இருப்பது ஒற்றை 9 வோல்ட். 7660 சிப் வைத்துக் கழித்தல் மின்னழுத்தம் உண்டாக்கலாம். அது சாதாரணமாக 10 கிலோஹெர்ட்ஸில் ஓடுவதால் கொசு மாதிரி ஒரு ‘ங்ங்ஈ’ கேட்கும்; வேகத்தைக் கூட்டும் பூஸ்ட் கால் உள்ள வகையை வாங்கி, முதல் காலை மின்சாரத்தோடு இணைத்தால் அது காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இந்தத் தொல்லை பேட்டரி ஸ்பீக்கர் பலகையில் கிடையாது. அதனால்தான் அதைப் பெரிய வசதி என்றேன்.

மூன்று, தாமத நேரக் குமிழ். பிடி2399-இன் ஆறாவது காலில் உள்ள மின்தடைதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. போடும் நேரத்தில் அது மிகக் குறைவாக இருந்தால் சிப் திகைத்துப்போய் எக்கோ வராமல் நின்றுவிடும். குமிழோடு வரிசையாக ஒரு 2.2 கிலோஓம் ரெசிஸ்டரைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

செலவு மிகக் குறைவு: ஃபுட்ஸ்விட்ச், பஃபருக்கு ஒரு ஐசி, புதிய கெப்பாசிட்டர்கள், அடாப்டர். மறைந்திருக்கும் செலவு பின்னாளில் வரும். அதே பலகை இன்னொன்று கிடைக்காது, வரைபடமும் இருக்காது. பிரிக்கும்போதே ஒவ்வொரு ஒயரையும் போனில் படம் எடுத்து, காகிதத்தில் வரைந்து பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

யாருக்கு: முதல் முறை செய்பவருக்கு. எனக்குப் பிடித்த வழியும் இதுதான், எக்கோ ஓடும் நிலையில் இருந்தால்.

## வழி 3: பாகம் புதிது, உடம்பு பழையது

ஓவர்டிரைவ், டிரெமலோ, எக்கோ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறு பலகை. பாகங்கள் எல்லாம் புதிது. டிவிடி பிளேயர் அல்லது பழைய டிகோடர் பெட்டிக்குள் வரிசையாக வைத்து, முன்னால் ஃபுட்ஸ்விட்ச்கள்.

சத்தம் எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரியும். வரைபடத்தில் உள்ள அதே பாகம் கையில் இருக்கிறது. ஒன்று கெட்டால் அந்தப் பலகையை மட்டும் கழற்றிவிட்டு மற்றவற்றோடு நிகழ்ச்சியை முடிக்கலாம். மேடையில் காசு வாங்கி வாசிப்பவருக்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

பாகங்களுக்கு ஈப்போ அரை மணி நேரத் தூரம். கோலாலம்பூர் போகிறவர்கள் பூடு பக்கம் ஜாலான் பசாரில் ஒரு சுற்று சுற்றினால் அநேகமாக எல்லாம் கிடைக்கும். ஷோப்பியில் வாங்கினால் மலிவு, ஆனால் போலிகளும் உண்டு. 4558, டிஎல்072, பிடி2399 எல்லாம் ஒன்றிரண்டு வெள்ளிச் சமாச்சாரம், அதில் ஏமாந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. எம்என் வரிசைச் சிப்பும் ஜெர்மானியமும் ஜே201 ஃபெட்டும்தான் எச்சரிக்கையாக வாங்க வேண்டியவை. ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் 4558 போட்டால்தான் அந்தச் சத்தம் வரும் என்று பணம் அதிகம் கொடுக்காதீர்கள். ஓவர்டிரைவின் குணத்தை மாற்றுவது பெரும்பாலும் டயோடுதான்: 1என்4148 போட்டால் சிக்னலின் உச்சியை 0.6 வோல்ட்டில் வெட்டும், சிவப்பு எல்இடி 1.7 வோல்ட் பக்கம் வெட்டும். எல்இடி போட்டால் சத்தம் பெரிதாகவும் திறந்தும் இருக்கும். இரண்டையும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ஐசி மாற்றுவதைவிட வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு பெட்டியில் இருக்கிறது. டிவிடி பிளேயர் தகரம் மெலிது. காலால் மிதித்தால் நெளியும், ஒரு நாள் சோல்டர் விடும். ஃபுட்ஸ்விட்ச் வரிசைக்கு நேர் கீழே ரப்பர் மரக் கட்டைத் துண்டு ஒன்றை முட்டுக்கொடுங்கள். தளவாடப் பட்டறையில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். மரத்தாலேயே முழுப் பெட்டியும் செய்ய நினைப்பவர்கள் உள்பக்கம் அலுமினிய டேப் ஒட்டி அதைக் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் குழல் விளக்கின் இரைச்சல் எல்லாம் உள்ளே வரும். இரும்பில் ஓட்டை போட ஸ்டெப் டிரில் வேண்டும். ஒன்பது கால் ஃபுட்ஸ்விட்ச் ஒன்று 5 முதல் 10 வெள்ளி. நான்கு எஃபெக்ட்ஸுக்கு நான்கு. குமிழ், எல்இடி, பலகை எல்லாம் சேர்த்தால் 100 வெள்ளியைத் தாண்டுவது வெகு சுலபம். ‘குப்பையில் செய்தேன்’ என்று பெருமைப்பட அவ்வளவாக மிச்சமிருக்காது.

யாருக்கு: மாதம் நான்கு நிகழ்ச்சி வாசிப்பவருக்கு. ஏற்கெனவே ஒரு சின்ன சர்க்யூட்டாவது சோல்டர் செய்து பழகியவருக்கு.

## வழி 4: பயன்படுத்திய டிஜிட்டல் பெட்டி

இதைக் கட்டுபவர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜூம், பாஸ் போன்றவற்றின் சிறிய மாடல்கள் பழையதாக இருநூறு முந்நூறு வெள்ளி அளவில் கிடைக்கின்றன. டியூனர் உள்ளேயே இருக்கிறது, தாளம் இருக்கிறது, ஹெட்போன் மாட்டித் தாமான் வீட்டில் நள்ளிரவிலும் வாசிக்கலாம். சில மாடல் ஏஏ பேட்டரியில் ஓடும் என்பதால் ஜெனரேட்டர் ஹம் தொல்லையும் குறைவு.

குறை இரண்டு. கெட்டால் இங்கே யாரும் பழுதுபார்க்க மாட்டார்கள். உள்ளே எல்லாம் அரிசி மணியைவிடச் சிறிய பாகங்கள். அப்புறம், மேடையில் பாட்டு மாறும்போது குனிந்து மெனு தேடுவது. வாங்குமுன் எல்லா ஃபுட்ஸ்விட்சையும் பல தடவை மிதித்துப் பாருங்கள், கூடவே வரும் அடாப்டர் அசலா என்றும் கேளுங்கள்.

யாருக்கு: இன்னும் எந்தச் சத்தம் பிடிக்கும் என்றே தெரியாதவருக்கு, அல்லது நிகழ்ச்சி நெருங்கிவிட்டவருக்கு.

## மின்சாரம்: இங்கே சிக்கனம் வேண்டாம்

கட்டும் மூன்று வழிக்கும் இது பொது. கராவோக்கேக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் 240 வோல்ட் ஒயரையும் காலால் மிதிக்கும் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். மழை ஈரத்தில் வெறுங்காலோடு மேடை ஏறுபவர்கள் நாம். சுவிட்சிங் சப்ளை உள்ள கருவியைத் திறந்தால் பெரிய கெப்பாசிட்டரில் 330 வோல்ட்டுக்கும் மேல் நிற்கலாம். பிளக்கைப் பிடுங்கியும் காத்திருந்து, மீட்டரால் அளந்த பிறகே கை வையுங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் இன்டர்நெட் மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர், சிரிம் (மலேசியத் தர முத்திரை) ஒட்டி உள்ளதாக இருந்தால், நல்ல தொடக்கம். 7809 ரெகுலேட்டர் வழியாக 9 வோல்ட் ஆக்குங்கள். ஒரு பொறி உண்டு: மோடம் அடாப்டரில் நடு ஊசி பெரும்பாலும் கூட்டல், கிட்டார் பெடல் உலகில் நடு ஊசி கழித்தல். பெட்டியில் எது என்று பெரிதாக எழுதி, உள்ளே ஒரு டயோடையும் பாதுகாப்புக்குப் போடுங்கள். நண்பர் ஒருவர் தன் அடாப்டரை மாட்டும் நாள் கட்டாயம் வரும்.

எல்லாம் ஒரே சப்ளையில் ஓடும்போது எக்கோ சிப்பின் கடிகாரச் சத்தம் ஓவர்டிரைவுக்குள் புகும். அதைத் தடுக்க ஓவர்டிரைவ், ஃபஸ், டிரெமலோ பலகைகளுக்கு மின்சாரம் போகும் வழியில் தலா ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போதும். எக்கோவுக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் ரெகுலேட்டர். கிரவுண்ட் ஒயர்களைச் சங்கிலியாகக் கோக்காமல், எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | வழி 1 | வழி 2 | வழி 3 | வழி 4 |
|---|---|---|---|---|
| இரைச்சல் | பாகத்தைப் பொறுத்தது | சப்ளையைப் பொறுத்தது | குறைவு | மிகக் குறைவு |
| கைச்செலவு | சோதனைக் கருவிதான் பெரிது | மிகக் குறைவு | 100 வெள்ளிக்கு மேல் | 200–300 வெள்ளி |
| கெட்டால் | நீங்களே, மெதுவாக | பலகை போனால் கஷ்டம் | நீங்களே, உடனே | மாற்றுவதுதான் |
| ஆகும் நாள் | பல மாதம் | சில வாரக்கடைசி | ஓரிரு மாதம் | அன்றே |
| அனலாக்தானா | ஆம் | எக்கோ பாதிதான் | எக்கோ தவிர | இல்லை |

## எங்கிருந்து தொடங்குவது

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு மைக்கை மாட்டி எக்கோ குமிழைத் திருப்பிப் பாருங்கள். எக்கோ சுத்தமாக வந்தால் வழி 2: பலகையைத் தொடாமல் பஃபரை மட்டும் கட்டிச் சேர்த்து, அதற்கு முன்னால் ஒரே ஒரு ஓவர்டிரைவ். இந்த இரண்டோடு சில மாதம் மேடையில் வாசித்த பிறகு டிரெமலோ வேண்டுமா ஃபஸ் வேண்டுமா என்று யோசிக்கலாம். பெட்டியில் ஓட்டையை மட்டும் இப்போதே கூடுதலாகப் போட்டு மூடி வையுங்கள்.

எக்கோ கரகரத்தால் அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள். குமிழில் காண்டாக்ட் கிளீனர் அடித்து, எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களைப் புதிதாக மாற்றிப் பாருங்கள். நம்ம ஊர் ஈரத்தில் பெரும்பாலும் கெடுவது இவைதான். அதற்கும் மசியவில்லை என்றால் ஜாக், ஒயர், பெட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு வழி 3-க்குப் போகலாம். மிச்சப் பலகைகளைத் தோட்டத்து ஓரத்தில் கொளுத்த வேண்டாம். மலேசியச் சட்டப்படி மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற பட்டியலிட்ட கழிவு. அதைச் சேகரிப்பவரிடம் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் தனியாக எடுத்து வைத்தால், உள்ளே இருக்கும் செம்புக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் நல்ல விலை தருவார். ஒரு ஃபுட்ஸ்விட்ச் செலவாவது அதில் வந்துவிடும்.